தவிடு என்ற மோட்டார்

ஜூன் 3, திங்கள்

டாக்டரம்மா சொன்னதால் இதை எழுதுகிறேன். "தூக்கம் வரலைன்னா மனசுல ஓடறத எழுதிப் பாருங்க" என்றார். மனதில் ஓடுவதையெல்லாம் எழுதினால் இருக்கிற தூக்கமும் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். இந்த டைரியில் ஆபீஸ் விஷயம் மட்டும். வயிற்று விஷயம் கிடையாது. நாலாவது மாதம் என்பதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஆபீஸ் விஷயம் இதுதான். கோவை கணபதியில் எங்கள் கம்பெனி. விவசாயி வீட்டில் உட்கார்ந்தபடி போனிலேயே தோட்டத்து மோட்டாரை ஓடவிடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி செய்கிறோம். கீழே பெட்டி பூட்டுகிறார்கள், மாடியில் நாங்கள் மென்பொருள் எழுதுகிறோம். எழுதியதைச் சரிபார்க்க யாரோ ஒருவரின் கிணற்று மோட்டாரை ஓட்டிப் பார்க்க முடியுமா? அதனால் கணினிக்குள்ளேயே மோட்டார் மாதிரி நடிக்கிற கருவிகளை உண்டாக்கி வைத்திருக்கிறோம். கிணறு கிடையாது, தண்ணீர் கிடையாது. "ஓடு" என்றால் "ஓடுகிறேன்" என்று பதில் மட்டும் வரும். இதற்குப் பெரிய பெயர் மெய்நிகர் கருவி. எங்கள் டெஸ்டர் அஸ்லம் வைத்த பெயர் பொய் மோட்டார். அவன் வைத்ததுதான் நிலைத்தது.

இதுவரை பொய் மோட்டார்களுக்கு டெஸ்ட் ஒன்று, டெஸ்ட் இரண்டு என்றுதான் பெயர். அதில்தான் வினை. தோட்டத்தில் பெட்டி மாட்டப் போகிற எலக்ட்ரீசியன்களும் ஓடுகிறதா என்று பார்க்க "டெஸ்ட்" என்று பெயர் தட்டுகிறார்கள், மாற்ற மறந்து டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். போன வாரம் அஸ்லம் பொய் மோட்டாரை அழிப்பதாக நினைத்து அவிநாசிப் பக்கம் ஒரு நிஜ மோட்டாரைக் கணக்கிலிருந்தே அழித்துவிட்டான். அந்த மனிதர் போனில் பேசியதை அஸ்லம் ஸ்பீக்கரில் போட்டிருக்கக் கூடாது.

மதியம் ஞானராஜ் சார் கூப்பிட்டார். எங்கள் டீமுக்குத் தலைவர், நாகர்கோவில்காரர். "ரஞ்சனி, ஒனக்கு லேசான வேலை ஒண்ணு தாறேன், கேட்டியா. பொய் மோட்டாருக்கெல்லாம் பேரு வைக்கணும். ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. எந்த விவசாயியும் தன் மோட்டாருக்கு வைக்காத பேரா இருக்கணும். பாத்தா ஒடனே பொய்னு தெரியணும்."

லேசான வேலையாம். என்னைப் போய்ப் பெயர் வைக்கச் சொல்கிறார்.

ஜூன் 5, புதன்

எண் போதாதா என்று கேட்டேன். ஒவ்வொரு கருவிக்கும் உள்ளுக்குள் நீளமாக ஓர் எண் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் அதை மனிதர்கள் வாயால் சொல்ல முடியாது. "ஏழு, எஃப், மூணு, ஒம்போதுன்னு ஆரம்பிக்குதே, அது செத்துப்போச்சுக்கா" என்று அஸ்லம் சொன்னால், எது செத்தது என்று கண்டுபிடிப்பதற்குள் மற்றவையும் செத்துவிடும். பெயர் வேண்டும்.

எந்தப் பெயர் கூடாது என்று தெரிந்துகொள்ள, விவசாயிகள் தங்கள் மோட்டாருக்கு என்னென்ன பெயர் தட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தேன். இரண்டு மணி நேரம் போனதே தெரியவில்லை. கெணத்து மோட்டாரும் போர் மோட்டாரும் மேற்குத் தோட்டத்து மேக்காடும் ஊருக்கு ஊர் இருக்கின்றன. சாமி பெயர்கள் ஏராளம். மகள் பெயர் வைத்தவர்கள் உண்டு, மகன் பெயர் குறைவு, காரணம் தெரியவில்லை. ஒருவர் "சித்தப்பன் மோட்டார் தொடாதே" என்று வைத்திருக்கிறார். குன்னத்தூரில் ஒருவர் சின்ன சனியன், பெரிய சனியன் என்று இரண்டு வைத்திருக்கிறார். இதனால் வசவுச் சொற்களையே வரிசையாக வைக்கலாம் என்ற அஸ்லமின் யோசனை அடிபட்டது. அவனுக்கு ரொம்ப வருத்தம். வரிசையைத் தயாராக வைத்திருந்தான்.

ஞானராஜ் சார் மீன் பெயர் சொன்னார். சாளை, நெத்திலி, வாவல். "கொங்கு நாட்டுல எவனும் மோட்டாருக்கு நெத்திலின்னு பேரு வைக்க மாட்டான்லா." உண்மைதான். ஆனால் மத்தியானம் மீட்டிங்கில் "வறுத்த நெத்திலியா, பச்சை நெத்திலியா" என்று ஆரம்பித்து யாரும் வேலை பார்க்கவில்லை. எனக்கோ பெயரைக் கேட்டதும் குமட்டிக்கொண்டு வந்தது. எழுந்து போய்விட்டேன். இதுவும் வயிற்று விஷயம்தான், ஆனால் ஆபீஸில் நடந்ததால் எழுதலாம்.

ஜூன் 11, செவ்வாய்

என் கணவர் பூபதியின் அம்மா போன் செய்தார். நலம் விசாரித்துவிட்டு, "பேரு ஏதாச்சும் யோசிச்சீங்ளா கண்ணு?" என்றார்.

"ஆபீஸ்ல மீட்டிங் அத்தை" என்று வைத்துவிட்டேன். நான் அப்போது வீட்டில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பூபதி எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்தார். தோசையைத் தானே திருப்பிப் போட்டார், கிழிந்துவிட்டது.

சட்டத்தை ஒரே ஒருமுறை மீறிக்கொள்கிறேன், பிறகு இல்லை. போன வருஷம் மூன்றாம் மாதமே பெயர் வைத்துவிட்டோம். இரண்டு பேரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் வயிற்றோடு பேசுவோம். ஐந்தாம் மாதம் அது போய்விட்டது. பெயர் மட்டும் வீட்டிலேயே இருக்கிறது, யாரும் சொல்லாமல். இந்தத் தடவை ஐந்தாம் மாதம் பிறக்கப்போகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பெயர் வைக்க மாட்டேன். அவ்வளவுதான்.

ஜூன் 14, வெள்ளி

பெயர் வரிசை கிடைத்துவிட்டது. உபயம், கோவை மாநகராட்சிக் குப்பை வண்டி. காலையில் "மக்கும் குப்பை, மக்காத குப்பை" என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு தெருவுக்குள் வந்தது. வாளியோடு ஓடும்போதே பொறி தட்டியது.

தூக்கிப் போடுகிற பொருள்களின் பெயர். உமி, சக்கை, சருகு, செத்தை, மட்டை, தவிடு, கந்தல், சாம்பல், முட்டை ஓடு. எவனாவது ஐம்பதாயிரம் கொடுத்து வாங்கிய மோட்டாருக்குச் சக்கை என்று பெயர் வைப்பானா? எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தேன். ஒரு விவசாயிகூட வைத்திருக்கவில்லை.

மீட்டிங்கில் சொன்னதும் அஸ்லம் கைதட்டினான். ஞானராஜ் சார் மட்டும், "நல்லாத்தான் இருக்கு. ஆனாலும் ஏன் இப்படிக் கழிவுப் பேரு?" என்றார்.

"காலைல உண்டாக்கி சாயங்காலம் அழிக்கப்போறதுதானே சார். நல்ல பேரா வெச்சா அழிக்கறப்ப கை வராது" என்றேன்.

சார் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அவருக்கு என் கதை தெரியும். உடனே, "சரி மக்ளே, இதையே வெச்சுக்கிடுவோம்" என்று லேப்டாப்பை மூடினார். நான் பொய் மோட்டாரைப் பற்றித்தான் பேசினேன். வேறு எதைப் பற்றி?

ஜூன் 19, புதன்

இன்று முழுக்கப் பெயர் வைக்கிற நிரல் எழுதினேன். தினமும் மாலை ஆறு மணிக்கு அது தானாக எழுந்து உமி, சக்கை, தவிடு என்று வரிசையாகப் பொய் மோட்டார்களை உண்டாக்கும். ஒவ்வொன்றையும் பல தடவை ஓடவிட்டு நிறுத்திப் பார்க்கும். பிறகு, அன்றைக்குத் தான் உண்டாக்கியவற்றை மட்டும் அழித்துவிடும்.

சில நாள் அழிக்கிற வேலை பாதியில் நின்று, நேற்றைய சருகு இன்றைக்கும் கிடக்கும். அதனால் ஒரு வரி சேர்த்தேன்: அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால், புதிதாக உண்டாக்காதே, இருப்பதையே எடுத்துக்கொள். அஸ்லம் பார்த்துவிட்டு, "சூப்பர்க்கா, சிக்கனம்" என்றான்.

பூபதி மாதுளம்பழம் வாங்கி வந்து உரித்துவைத்தார். நான் கேட்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

ஸ்கேன். எல்லாம் சரியாக இருக்கிறதாம். போன தடவையும் இப்படித்தான் சொன்னார்கள்.

ஜூலை 5, வெள்ளி

அஸ்லம் சாயங்காலம் பெருமையாக வந்து, "தவிடு மட்டும் நெஜ மோட்டாராட்டவே நடிக்குதுக்கா. கரண்டு எவ்வளவு இழுக்குதுன்னெல்லாம் கணக்குச் சொல்லுது" என்றான். பொய் மோட்டார் அவ்வளவு சாமர்த்தியமாக எப்போது ஆனது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் "நல்லது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஜூலை 8, திங்கள்

புகார் எடுக்கிற பெண் ஓர் அழைப்பை என்னிடம் தள்ளிவிட்டாள். "மேடம், பேய் கேஸ், நீங்களே பேசுங்க" என்றாள்.

வெள்ளகோவில் பக்கம் சென்னியப்பன் என்பவர். நாற்பது வயதிருக்கும் குரல்.

"ஏனுங் அம்மிணி, என்ற மோட்டாருக்குப் பேய் புடிச்சிருக்குதுங்."

"எப்படிங்க சொல்றீங்க?"

"சாயங்காலம் ஆறு மணியானாப் போதும், தானா ஓடுது. பதறிட்டுப் போறதுக்குள்ள நின்னுக்குது. இந்தப்பக்கம் திலும்பறதுக்குள்ள மறுக்கா ஓடுது. நாலஞ்சு நாளா இதே கூத்துங். ஏற்கெனவே மூணு மோட்டாரு எரிஞ்சுபோயி இது நாலாவது. இதும் போச்சுன்னா வெங்காயத்துக்கு நான் கண்ணீருலதான் தண்ணி பாய்ச்சோணும்."

ஆறு மணி எங்கள் சாயங்காலச் சோதனை நேரம். மோட்டாருக்குப் போனில் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"தவிடுங்க."

"என்னங்க?"

"தவிடுங்க அம்மிணி. மாட்டுக்கு வெப்பமல்லொ, அந்தத் தவிடு. போன வாரம்தான் மாட்டுனமுங்."

இருந்தால் இருப்பதையே எடுத்துக்கொள் என்று எழுதியவள் நான்தானே. நிரல் என் பேச்சை அப்படியே கேட்டிருக்கிறது. தவிடு என்று ஒன்று இருந்தது, எடுத்துக்கொண்டது. அடித்துப் பிடித்துச் சாயங்காலச் சோதனையை நிறுத்தச் சொல்லி அஸ்லமிடம் கத்தினேன். பிறகு போனில், "இனிமேல் ஓடாதுங்க, தப்பு எங்க மேலதான், மன்னிச்சுக்கோங்க" என்றேன்.

"அப்பப் பேய் இல்லீங்ளா?" என்றார். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

வைப்பதற்கு முன் கேட்டுவிட்டேன்: "ஏனுங்க, மோட்டாருக்குப் போயி ஏன் தவிடுன்னு வெச்சீங்க?"

"அத என்ற வூட்டுக்காரியத்தான் கேக்கோணும். அது பெரிய கதைங்."

ஜூலை 9, செவ்வாய்

ஞானராஜ் சார் திட்டவில்லை. திட்டினால் நன்றாக இருந்திருக்கும். "எந்த விவசாயியும் வைக்க மாட்டான்னு நாமதான் முடிவு பண்ணினோம். அவனுட்ட யாரும் கேக்கல்லியே" என்றார். மோட்டாரில் ஏதும் பழுதாகியிருக்கிறதா என்று பார்க்க சனிக்கிழமை ஓர் எலக்ட்ரீசியனை அனுப்புகிறார்கள். நானும் போகிறேன் என்றேன்.

வீட்டில் பூபதி, "அவ்வளவு தூரம் எதுக்கு? ஐஞ்சாவது மாசம்" என்றார்.

இந்த வருஷம் அவர் அந்த எண்ணை வாய்விட்டுச் சொன்னது இதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார். டாக்டரம்மாவிடம் கேட்டோம். போகலாம், மெதுவாகப் போங்கள் என்றார். பூபதி வண்டி ஓட்டுவதாக ஏற்பாடு.

ஜூலை 13, சனி

போய்விட்டு வந்தாயிற்று. நிறைய எழுத வேண்டும், கால் வேறு வீங்கியிருக்கிறது. தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பூபதி மேடு பள்ளத்துக்கெல்லாம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டினார். எலக்ட்ரீசியன் எங்களுக்கு முன்பே வந்து மோட்டாரைப் பார்த்துவிட்டிருந்தார். ஒன்றும் ஆகவில்லை. தவிடு நலம். மோட்டார் ரூம் சுவரில் கண் திருஷ்டிப் படம், கதவில் எலுமிச்சை, மோட்டார்மேல் விபூதிப் பட்டை. இத்தனை காவலுக்குள்ளும் நான் கோயமுத்தூரிலிருந்து உள்ளே புகுந்திருக்கிறேன்.

சென்னியப்பனின் மனைவி பூங்கொடி. என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். கறிவேப்பிலை மணக்க மோர் கொடுத்தார். பெயர்க் கதையைக் கேட்டேன்.

"மூணு மோட்டாரும் ஒரே வருசத்துல எரிஞ்சுதுங் அம்மிணி. ஒண்ணுக்கு என்ற மாமனாரு பேரு, ஒண்ணுக்கு முருகன் பேரு, ஒண்ணுக்கு இவிய பேரு வெச்சிருந்தம். இவிய பேரு வெச்சதுதான் சீக்கிரமாப் போச்சு."

"ஏனுங், ஒறம்பரைக்கு முன்னால" என்று விருந்தாளிகளான எங்களைக் காட்டினார் சென்னியப்பன்.

"நாலாவது வந்தப்ப நான் சொல்லிப்போட்டன். தக்காத புள்ளைய என்ன செய்வாங்க? அடுத்தவிய கையில தவிட்டுக்கு வித்துப்போட்டு மறுக்கா வாங்கறதில்லீங்ளா? அதையேதான் செஞ்சன். பக்கத்துக் காட்டு ருக்குமணிகிட்ட மோட்டார ஒரு படி தவிட்டுக்கு வித்தன். ஒரு ராத்திரி அவிய மோட்டாரா இருந்துச்சு. அடுத்த நாளு தவிட்டத் திருப்பிக் குடுத்து வாங்கிட்டு வந்து, தவிடுன்னே பேரு வெச்சுப்போட்டம். நமக்குப் பெருசா ஒண்ணுமில்லீங்கற மாதிரி."

சிறுவயதில் என்னையும் தவிட்டுக்கு வாங்கினோம் என்று வீட்டில் கேலி செய்திருக்கிறார்கள். தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றால் வேண்டாத பிள்ளை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "எத்தனாவது மாசமுங்?" என்றார்.

"அஞ்சு."

"மொதப் புள்ளைங்ளா?"

கேட்பவர்களிடம் நான் எப்போதும் ஆமாம் என்றுதான் சொல்வேன். அது சுலபம். இன்றைக்கு ஏனோ, "இல்லீங்க, ரெண்டாவது. மொதல்லது அஞ்சாம் மாசமே போயிருச்சு" என்று சொல்லிவிட்டேன். பூபதி மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

பூங்கொடி அச்சச்சோ என்று சொல்லவில்லை. கடவுள் இருக்கிறார் என்றும் சொல்லவில்லை. "அப்ப இத எனக்கு வித்துப்போடுங்க" என்றார், வெங்காயத்துக்கு விலை கேட்கிற குரலில்.

"எனக்கு இதுலெல்லாம் நம்பிக்கை இல்லீங்க."

"எனக்கு மட்டும் இருக்குதாக்கும். மோட்டாரு ஓடுதல்லொ?"

பூபதியைப் பார்த்தேன். அவர் மெதுவாக, "எவ்வளவு குடுப்பீங்க?" என்றார். திருப்பூரில் நூல் வியாபாரம் பேசிப் பேசி அவருக்கு வந்த பழக்கம்.

மாட்டுக் கொட்டகையிலிருந்து ஒரு படி தவிடு வந்தது. துப்பட்டாவை விரித்து வாங்கிக்கொண்டேன். பூங்கொடி என் வயிற்றில் உள்ளங்கையை வைத்து, "இன்னைலிருந்து இது என்ற புள்ளை. நீங்க சும்மா சுமக்கறீங்க. பத்தரமாச் சுமங்க. பொறந்ததுக்கப்பறம் வேணும்னா வந்து வாங்கிக்கோங்க, வெலை நான்தான் சொல்லுவன்" என்றார்.

காங்கயம் தாண்டியதும் அழுதேன். பூபதி வண்டியை ஓரமாக நிறுத்தினார். துக்கமில்லை என்று சொன்னேன். நெடுந்தூரம் தூக்கிவந்த மூட்டையை வேறொருத்தி வாங்கிக்கொண்டால், இறக்கிய பிறகுதான் தோள் வலி தெரியும். அந்த மாதிரி. அவரும் அழுதார். போன வருஷம் நாங்கள் இருவரும் தனித்தனி அறைகளில் அழுதோம். இன்றைக்கு ஒரே காரில்.

தவிடு இப்போது சமையலறையில் டப்பாவில் இருக்கிறது. கார் சீட்டெல்லாம் தவிடு.

ஜூலை 15, திங்கள்

பெயர் விஷயத்தைத் திருத்தினோம். இனி நிரல் எதையும் பெயரை வைத்துத் தேடாது, உள்ளே இருக்கிற நீள எண்ணை வைத்துத்தான் தேடும். பெயர் மனிதர்கள் கூப்பிட மட்டும். பொய் மோட்டாரின் பெயருக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி வரும். விவசாயியின் திரையில் அந்தக் குறியைத் தட்டவே முடியாது. இனி யார் என்ன பெயர் வைப்பார்கள், வைக்க மாட்டார்கள் என்று நாங்கள் ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை.

"அப்ப பேரு எதுவேணா இருக்கலாமாக்கா?" என்றான் அஸ்லம், கண் மின்ன. வசவு வரிசையை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறான்.

பூப்பெயர் வைக்கலாம் என்றேன். குறிஞ்சி, தும்பை, செண்பகம், வாகை. ஞானராஜ் சார் இந்தத் தடவை உடனே சரி என்றார். மாலை சோதனை முடிந்ததும் குறிஞ்சியை நானே அழித்தேன். கை வந்தது.

ஆகஸ்ட் 7, புதன்

பூங்கொடி வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய்கிறார். "என்ற புள்ளை சாப்புட்டுதா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். லிஃப்ட் பழுதாகி நான் மாடிப்படி ஏறியதைப் பூபதி போட்டுக்கொடுத்துவிட்டார். அரை மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுத்தவர் பொருளை இப்படியா வைத்திருப்பது என்று கேட்கிறார்.

நேற்றோடு ஐந்தாம் மாதம் முடிந்துவிட்டது. முடிந்த பிறகுதான் கவனித்தேன். பூங்கொடியின் பிள்ளை உதைக்கிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

வளைகாப்பு. பூங்கொடியும் சென்னியப்பனும் ஒரு மூட்டை வெங்காயத்தோடு வந்தார்கள். இவர்கள் எந்த வழியில் சொந்தம் என்று பூபதியின் பெரியம்மா கேட்டார். "பிள்ளைக்குச் சொந்தக்காரங்க" என்றார் பூபதி. பெரியம்மா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். அஸ்லம் இரண்டு தடவை சாப்பிட்டான்.

அக்டோபர் 21, திங்கள்

இன்றோடு லீவு ஆரம்பம். பூப்பெயர்கள் தீர்ந்துபோய், அஸ்லம் "ஊமத்தை" வரை வந்துவிட்டானாம். எருக்கம்பூவும் பூதானே என்று கேட்டு வாட்ஸப்பில் செய்தி. நான் இல்லாமல் இந்தப் பொய் மோட்டார்களின் கதி என்னாகுமோ.

நவம்பர் 16, சனி

பெண். மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிட்டாள். இரண்டே முக்கால் கிலோ. இரண்டு பேரும் நலம். கையில் கட்டிய பட்டையில் "சிவரஞ்சனியின் குழந்தை" என்று எழுதியிருக்கிறார்கள். நர்ஸ் பெயர் கேட்டார், இன்னும் இல்லை என்றேன். பூபதி முதலில் பூங்கொடிக்குத்தான் போன் செய்தார், பொருளுக்கு உடையவர் அவர்தானே. அத்தை அதற்குக் கோபித்துக்கொண்டார், பிறகு குழந்தையைப் பார்த்ததும் மறந்துவிட்டார்.

டிசம்பர் 29, ஞாயிறு

வாங்கப் போனோம். பூபதி நேற்றே தீவனக் கடையில் இரண்டு கிலோ தவிடு வாங்கி, பரிசுப்பொருள் போலக் கட்டி வைத்திருந்தார்.

பூங்கொடி கைகால் கழுவிவிட்டு வந்து குழந்தையை மடியில் வாங்கினார். முடி, நகம், காதுமடல் எல்லாவற்றையும் சரிபார்த்தார். "பரவால்லீங், பத்தரமாத்தான் சுமந்திருக்கறீங்க" என்றார். பூபதி பொட்டலத்தை நீட்டினார்.

"இது பத்தாதுங்."

"நீங்க ஒரு படிதானே குடுத்தீங்க?"

"நான் வாங்கறப்பக் கண்ணுக்கே தெரியலீங். இப்பப் பாருங்க, என்ன கனம் கனக்குது. அஞ்சு படிக்குக் கொறஞ்சு கட்டாது."

பூபதி மூன்று படியில் ஆரம்பித்தார். சென்னியப்பன் நடுவில் புகுந்து நாலு என்றார். எதிர்த் தரப்பு ஆள் நமக்குப் பேசுகிறாரே என்று பார்த்தால், மனைவி முறைத்ததும் அஞ்சுக்கே போய்விட்டார். கடைசியில் அவர்கள் கொட்டகையிலிருந்தே கடனாக அளந்து, அவர்களிடமே கொடுத்து, ஐந்து படிக்கு முடிந்தது.

தவிட்டை வாங்கிக்கொண்டவர் பிள்ளையைத் தரவில்லை. கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டே இருந்தார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. பிறகு என் கையில் வைத்து, "இனி உங்க புள்ளை. பேரச் சொல்லிக் கூப்புடுங்க பாக்கலாம்" என்றார்.

பூபதியும் நானும் எதுவும் பேசி வைத்திருக்கவில்லை. எனக்குள் ஒரு பெயர், போன வருஷத்துப் பெயர் அல்ல, எப்போதிருந்து இருந்தது என்று தெரியவில்லை. "இளவேனில்" என்றேன். இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். பூபதி ஒரு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார்.

"பேரு நல்லாத்தான் இருக்குதுங்" என்றார் பூங்கொடி. "நீங்க அப்படியே கூப்புட்டுக்கோங்க. நான் தவிட்டம்மான்னுதான் கூப்புடுவன்."

என் மகள் அழ ஆரம்பித்தாள். பசி. மாட்டுக் கொட்டகைப் பக்கம் நிழலாக இருந்தது, அங்கே போய் உட்கார்ந்து பால் கொடுத்தேன்.